சத்தமில்லாத டயர்

பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் கால் மணி நேரம் ஓரிடத்தில் காத்திருந்தால் பேச்சு டயரில் வந்து நிற்கும். சம்பளத்தைப் பேசினால் வயிறு எரியும். குடும்பத்தைப் பேசினால் பெருமூச்சு வரும். டயரில் அந்த வம்பு இல்லை. யார் வேண்டுமானாலும் யாரையும் திட்டலாம்.

அந்தக் கம்பெனியில் பதினோரு வண்டிகள். எல்லாம் ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டிகள். விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றி, இரண்டரை மணி நேரத் தூரத்தில் மலைமேல் இருக்கும் விடுதிகளில் இறக்கிவிட வேண்டும். பாதி வழி கான்கிரீட் சாலை, மீதி வளைவு. வண்டியோடு வந்த டயர்கள் அறுபதாயிரம் கிலோமீட்டரில் வழுக்கையாகிவிட்டன. எதை மாற்றுவது என்ற பேச்சு ஷெட்டில் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டை கட்டையா இருக்கிற டயரைப் போடணும். கல்லு குத்தினாலும் கிழியாது," என்றான் வக்கீல். எதற்கும் வாதாடுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"கல்லுல ஏறுறதுக்கு நீ என்ன ஆடா? ரோடு போட்டிருக்காங்கல்ல, அதுல ஓட்டு," என்றான் நெட்டை. "கட்டை டயர் கத்துற கத்துல மண்டை காய்ஞ்சு போகும். சன்னமா கோடு போட்ட டயர்தான் சுகம்."

"சுகமாத்தான் இருக்கும். மழையில பிரேக்கை மிதிச்சா சுகமா பள்ளத்துக்கும் போவே."

கடைசியில் இருவரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

டாக்டருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தொன்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார். பத்து எண்ணுவதற்குள் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். ஒருமுறை மெக்கானிக் இரண்டு நாள் தேடியும் கிடைக்காத கோளாறை, வண்டி வாசலில் திரும்பும்போதே, "முன்பக்கம் இடது பேரிங்," என்றார். கழற்றிப் பார்த்தால் அதுதான். அன்றைக்கு வைத்த பெயர். அவரே கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் தன் பெயரை யோசிக்கிற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் அவரைத்தான் கூப்பிட்டார். "உங்க வண்டிக்கு ஒரு மாசம் இந்த டயர், அடுத்த மாசம் அந்த டயர். ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றதைப் பதினோரு வண்டிக்கும் போட்டுடலாம்."

டாக்டர் ஒழுங்காகப் பார்த்தார். வண்டி கழுவும் தளத்தில் தண்ணீரை ஓடவிட்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் மிதித்து, நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். கட்டை டயர் ஒரு ஆள் நீளம் முன்னதாகவே நின்றது. டயரின் பள்ளத்தில் தீக்குச்சியை நட்டு நகத்தால் அடையாளம் வைத்துத் தேய்மானம் பார்த்தார். அதிலும் கட்டை டயர்தான். மிச்சம் இருந்தது சத்தம். ஆள் இல்லாமல் திரும்பும்போது கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் ரேடியோவையும் அணைத்து, கான்கிரீட் சாலையில் எண்பதில் போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி தானாக உருண்டது. பஞ்சில் உருள்வதுபோல் இருந்தது.

"கட்டை டயர் கத்தும்னு சொல்வாங்க. இது கத்தலை," என்று மேனேஜரிடம் சொன்னார். "எப்படித்தான் செஞ்சாங்களோ."

அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. நாற்பத்து நான்கு டயர்கள் வந்து இறங்கின.

முதல் நாளே ஷெட் கொதித்தது. மலைக்குப் போய்விட்டு வந்த வக்கீல் வண்டியிலிருந்து இறங்கியதும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு ஆடிக் காட்டினான்.

"டயரா அது? தேன்கூட்டைக் கலைச்சுவிட்ட மாதிரி. பின்னாடி இருக்கிறவன் கேக்குறான், வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு, நிறுத்திப் பாருப்பான்னு."

"காத்து அதிகமா அடிச்சிருப்பே. முப்பத்தஞ்சுல வை," என்றார் டாக்டர்.

"முப்பத்தஞ்சுலதான் வச்சேன்."

"அலைன்மென்ட் பாரு."

"பதினோரு வண்டிக்கும் ஒரே நாள்ல அலைன்மென்ட் போயிடுச்சா, டாக்டர்?" வக்கீல் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "எனக்கு ஒண்ணு புரியலை. நம்ம டாக்டருக்கு எறும்பு தும்மினாலும் கேக்கும். இது மட்டும் கேக்கலையாம். கடைக்காரன் நல்லா கவனிச்சிருக்கான்யா. நமக்கெல்லாம் காது குத்திட்டாரு."

சிரித்தார்கள். டாக்டரும் சிரித்து வைத்தார். விளையாட்டென்றுதான் நினைத்தார். இரண்டு நாளில் அது விளையாட்டாக இல்லை. அவர் ஷெட்டுக்குள் வந்தால் பேச்சு நின்றது. நெட்டை மட்டும், "அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை," என்று ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிறகு அவனும் ஒரு மத்தியானம் வந்து, "அண்ணே, என் வண்டியில ஒரு ரவுண்டு வாங்களேன்," என்றான்.

கான்கிரீட் சாலையில் வண்டி எண்பதைத் தொட்டது. நெட்டை ரேடியோவை அணைத்தான்.

"இப்போ கேக்குதா?"

டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்ஜின் கேட்டது. கதவோரம் காற்று கேட்டது. வேறொன்றும் இல்லை. திரும்பி நெட்டையைப் பார்த்தார். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் பேசிக்கொண்டிருந்தான். எதையோ தாண்டித் தன் குரலை அனுப்புகிறான் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். கண்ணாடி மெலிதாக, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கேக்குது," என்றார்.

"அப்புறம் எப்படிண்ணே இல்லைன்னு சொன்னீங்க?"

"என் வண்டியில இல்லைப்பா."

நெட்டை மறுபடி ரேடியோவைப் போட்டான்.

அன்று வீட்டுக்குப் போனதும் சமையலறை மூலையில் இருந்த துவைக்கும் மெஷின் முன்னால் போய் நின்றார். ஓடிக்கொண்டிருந்தது. எண்கள் குறைந்து குறைந்து பூஜ்யத்துக்கு வந்தன. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அவர் காத்திருந்தார். உள்ளேயிருந்து மனைவி வந்து பொத்தானை அழுத்தினாள்.

"பக்கத்துலயே நட்டுவச்ச மரம் மாதிரி நிக்கிறீங்க. அது கத்துறது காதுல விழலையா?"

"விழலை."

சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"நீதான் சொல்லணும்."

அவள் ஈரத் துணியை எடுத்து வாளியில் போட்டபடி யோசித்தாள். "ரெண்டு வருஷம் இருக்கும். நான் கூப்பிட்டா வேணும்னே கேக்காத மாதிரி இருக்கீங்கன்னு நினைச்சேன். அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான் இருக்காரு. ஆம்பளைங்கன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

"அவரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்லு."

"காதுல மாட்டிக்கிற மெஷின் வாங்கிக்கலாங்க. இப்பதான் வெளியே தெரியாத மாதிரி வருதே."

"மெஷின் மாட்டினவனுக்கு எங்க கம்பெனியில ஆளுங்களை ஏத்துற வண்டி கிடையாது. சேரும்போதே எழுதி வாங்கிட்டாங்க."

மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். கோபம் இல்லை. ஒரு நாளில் பத்தாவது ஆளிடம் பேசுகிறவரின் முகம்.

"இங்க பாருங்க டாக்டர், டயரைத் திருப்பி எடுக்க மாட்டானாம். அது போகட்டும். கடைக்காரன்கிட்ட ஏதாவது வாங்குனீங்களா? நான் ஒண்ணும் தூக்குல போடப் போறதில்லை. இந்த உலகத்துல வாங்காதவன் யாரு? ஆமான்னு சொன்னீங்கன்னா, இனிமே இந்த மாதிரி வேலைக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன், அவ்வளவுதான். வண்டி உங்க வண்டிதான்."

டாக்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த வண்டி எண்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன என்பது அவருக்குத் தெரியும். பின்னே ஏன் சத்தம் இல்லை என்றீர்கள்? அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"ஆமா சார். வாங்கினேன்," என்றார்.

"எதுக்கு இதெல்லாம்? இந்த வயசுல," என்றார் மேனேஜர். அதோடு விட்டுவிட்டார்.

ஷெட்டுக்குச் செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது. வக்கீல்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்தவனுக்குப் பேச்சு எதற்கு? நெட்டை டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"உங்களுக்காக நாலு பேர்கிட்ட சண்டை போட்டேன்," என்றான், டயரைப் பார்த்தபடி. 'அண்ணே' என்று சொல்லவில்லை. அது நன்றாகவே கேட்டது.

அடுத்த வாரம் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். நடு இருக்கையில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளில் பெரியவள். கடைசி வரிசையில் கணவனின் தாய், மடியில் தலைவைத்துத் தூங்கும் சின்னப் பிள்ளையோடு. ஏறும்போது அந்த அம்மா, "மெதுவா போப்பா," என்றாள். சரிம்மா என்றார். முதல் ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் சரியாக இருந்தது. நடு இருக்கையில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கண்ணாடியில் அந்த அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

பெட்ரோல் பங்க் ஒன்று போனது. சாப்பாட்டுக் கடைகள் இரண்டு போயின. வளைவுகள் தொடங்குகிற இடத்தில் தோளில் ஒரு கை விழுந்தது.

"டிரைவர், அம்மா எவ்வளவு நேரமா கூப்பிடுறாங்க! நிறுத்துங்க!" என்றான் தூக்கம் கலைந்த மகன்.

ஓரங்கட்டினார். கதவைத் திறந்தார். அந்த அம்மா இறங்கவில்லை. புடவைத் தலைப்பை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். இனி இறங்கத் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டயர் சத்தம் சார்," என்றார் டாக்டர். "காதுல விழலை."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் கச்சிதமாகப் பொருந்தியது.

"ஆமாமா, அந்தச் சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்?" என்றாள் மருமகள். "பாவம், நீங்க எப்படித்தான் நாள் பூரா ஓட்டுறீங்களோ."

மகனும் தணிந்தான். அந்த அம்மா மட்டும் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் அவருக்குப் புரிந்தது. "மன்னிச்சுக்கோப்பா. சீட்டைப் பாழாக்கிட்டேன்."

மிச்ச வழி முழுக்க அவர் யாரையும் கண்ணாடியில் பார்க்கவில்லை. இந்த டயர் தேய இரண்டு வருடம் ஆகும். தீக்குச்சி வைத்துப் பார்த்தவர் அவர். அதுவரை யார் கூப்பிட்டுக் கேட்காவிட்டாலும் பழியை டயர் ஏற்றுக்கொள்ளும். மகளின் படிப்பும் முடிந்துவிடும். தானே தேர்ந்தெடுத்த டயர், தனக்கென்றே செய்ததுபோல். கணக்கு எங்கும் இடிக்கவில்லை. அவருக்கு மட்டும் அசதியாக இருந்தது. வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்புவது, யாரோ கொடுத்த வேலையைச் செய்வதுபோல் இருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பின் இருக்கையை அவரே கழுவினார். கழுவ வேறு ஆள் இருந்தார். அவரைப் போகச் சொல்லிவிட்டார். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார், துடைத்தார், மூக்கை வைத்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேனேஜரின் அறைக்கு மாடியேறினார்.

தன் காதைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் மேனேஜர் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை போன் அடித்தது. எடுக்கவில்லை.

"அப்போ கமிஷன்?"

"அது இல்லை சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கமிஷனாவே இருந்திருக்கலாமேய்யா. அதை நான் மறந்துட்டேன். இதை எப்படி மறக்கிறது?"

டாக்டர் சாவியை மேஜைமேல் வைத்தார். வைக்கச் சொல்லும் வரை காத்திருக்க அவரால் முடியவில்லை.

"குடோன்ல இடம் இருக்கான்னு பார்க்கிறேன். சம்பளம் இது வராது. திங்கட்கிழமை வாங்க," என்றார் மேனேஜர். சாவியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

படியிறங்கி வந்து ஷெட்டுக்கு வெளியே சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தார். போக வேண்டும். எழுந்திருக்கத் தோன்றவில்லை. மேலே கதவு திறந்தேதான் இருந்தது, கீழே நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும். வக்கீல் வேறு பக்கம் நடந்தான். நெட்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். பின்னால் ஒரு வண்டி தண்ணீர் பீய்ச்சிக் கழுவப்பட்டுக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை முறை அவர் தலையாட்டியிருப்பார். புரிந்ததுபோல் சிரித்திருப்பார். இப்போது அதற்குத் தெம்பு இல்லை.

"கேக்கலைப்பா," என்றார். "சத்தமா சொல்லு."

நெட்டை அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினான்.

"வீட்டுக்கு எப்படிப் போறீங்கன்னு கேட்டேண்ணே."

"பஸ்ல," என்றார் அவர்.