நாலாவது சுற்றில் நிற்கும் படகு

ஜீவனஹள்ளி எத்திராஜின் படகு ஓடாது என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகவே ஓடும். ஒத்திகையில் பறக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, தசரா முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் மட்டும் நாலாவது சுற்றில் நடு ஏரியில் நின்று தொலைக்கும். மனுஷன் எத்தனை வருஷம்தான் பொறுப்பான்?

எத்திராஜ் பம்ப் செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவன். அதே இடத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த காக்ஸ் டவுன் டென்சில்தான் 1993இல் இந்த ரிமோட் படகுப் பித்தை அவனுக்கு ஏற்றிவிட்டவன். ப்ளைவுட் அறுத்து, ஃபைபர் ஒட்டி, கைமுட்டி அளவு எஞ்சின் ஒன்றை உள்ளே உட்கார வைக்க எத்திராஜுக்கு இரண்டு வருஷம் ஆனது. எஞ்சின் சூடேறாமல் இருக்கப் படகின் பின்பக்கம், தண்ணீருக்குள் முங்கும் இடத்தில், பேனா ரீஃபில் பருமனில் ஒரு பித்தளைக் குழாய். படகு ஓடும்போது ஏரித் தண்ணீர் அதன் வழியாக ஏறி, எஞ்சினைச் சுற்றிவந்து, பக்கத்துத் துளையில் நூல்போலப் பீய்ச்சும்.

“போட் ஒண்ணுக்குப் போவுதா, அதை மட்டும் பாரு மேன். அது நின்னா எஞ்சின் காலி” என்று டென்சில் முதல் நாளே சொல்லியிருந்தான்.

ஆயுத பூஜை வந்தால் எத்திராஜுக்கு இருப்புக் கொள்ளாது. தொழிற்சாலையில் மெஷின்களுக்குச் சந்தனம் வைக்கும் கை அவனுடையது. பட்டும் படாமலும் வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. எண்ணெய் விடும் துளையோ, தண்ணீர் பீய்ச்சும் மூக்கோ, எதற்கு ஒரு வாய் இருக்கிறதோ அதன் வாயில் கெட்டியாக ஓர் அப்பு, நடுவில் குங்குமம். மறுபடி மெஷினைப் போடுமுன் ஆட்கள் துணியால் துடைத்துவிடுவார்கள். வீட்டிலும் அதே கைதான். ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், கடைசியில் படகு. படகின் பொட்டை மட்டும் துடைக்க விடமாட்டான். நாலு நாளில் பந்தயம் இருக்கிறதே!

1996இல் படகு நின்றபோது எஞ்சின் பிளக்கைத் திட்டினான். மறுவருஷம் நின்றபோது எரிபொருள் கலப்படம் என்றான். இரண்டு தடவையும் கோப்பையை வாங்கியவன் டென்சில். வீட்டுக்கு வந்ததும் எத்திராஜ் எஞ்சினைக் கழற்றி ராத்திரி பகல் பார்க்காமல் நோண்டுவான். படகைப் பரணில் ஏற்றுமுன் தேய்த்துக் கழுவுவது அவன் மனைவி சரளாவின் பொறுப்பு. குத்துவிளக்கைச் சுத்தம் செய்கிற மாதிரி, சந்து பொந்தில் இருக்கிற சந்தனத்தையெல்லாம் ஈர்க்குச்சியால் குடைந்து எடுத்துவிடுவாள். எந்தக் குழாய் எதற்கு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

1998இல் சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கூடவே அப்பினான். படகு மூன்று சுற்று டென்சிலுக்கு முன்னால் ஓடியது. நாலாவதில் நின்றது.

படகை ஓட்டும் ரேடியோ பெட்டிக்குள் கிரிஸ்டல் என்று ஒரு சின்ன வில்லை உண்டு. இரண்டு பேர் ஒரே கிரிஸ்டலைப் போட்டால் ஒருவன் பெட்டி மற்றவன் படகைக் குழப்பி எஞ்சினையே அணைத்துவிடும். எத்திராஜின் மூளை நேராக அங்கே போய் நின்றது.

“என் கிரிஸ்டலைப் போட்டுத்தானே மூணு வருஷமா ஜெயிக்கிறே? திருட்டுப் பையா!” என்று கரையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்.

டென்சில் பெட்டியின் மூடியைக்கூடத் திறந்து காட்டவில்லை. “ஓகே மேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கேன்டீனில் இவன் நுழைந்தால் அவன் எழுந்து போவான். “நாலு பேர் எதிர்ல அப்டி சொல்லலாமா? போயி பேசிட்டு வாங்களேன்” என்று சரளா சொல்லும்போதெல்லாம் எத்திராஜ் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வான்.

1999 பந்தயத்துக்கு டென்சில் வந்தான். நடுவர் சீனிவாசராகவனிடம் தன் பெட்டியைக் கொடுத்தான். “சார், இதை நீங்களே வச்சிக்குங்க. இன்னிக்கு நான் ஓட்டல. அவன் ஓட்டட்டும்.” ஒரு நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

எத்திராஜ் படகை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லோருக்கும் முன்னால் அவன்தான். அப்போதும் அவன் கண் பாதி நேரம் டென்சிலின் கட்டிய கையில்தான் இருந்தது. படகின் பக்கத்தில் தண்ணீர் நூல் பீய்ச்சுகிறதா என்று அவன் ஒரு தடவை பார்த்திருக்கலாம். நாலு வருஷத்தில் ஒரு தடவை!

நாலாவது சுற்றில் படகு நின்றது.

டென்சில்தான் எழுந்து, பரிசலில் போய்ப் படகை எடுத்துவந்தான். எஞ்சினில் கை வைத்து, சுட்டதும் உதறினான். படகைக் கவிழ்த்தான். பித்தளைக் குழாயின் வாயை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, அந்த விரலை எத்திராஜின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“இது என்னா மேன்?”

சந்தனம். எத்திராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததோ வேறு. “சரளாகிட்ட கொஞ்சம் தண்ணியா கரைக்கச் சொன்னேன்...”

டென்சில் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எத்திராஜ் நினைத்தான். அடுத்த வருஷம் பந்தயமே இல்லை. தூர் எடுக்கப்போகிறார்கள் என்று ஏரியைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலி மட்டும் நின்றது. டென்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கடைசிப் பந்தயம்.

2001 ஆயுத பூஜையன்று ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துவந்தவன் படகின் முன்னால் சந்தனத் தட்டைக் கீழே வைத்தான். ஈர்க்குச்சியை எடுத்துக் குழாயைக் குடைந்தான்.

“அதான் நான் எடுத்தாச்சே. உள்ள ஒண்ணுமில்லீங்க” என்றாள் சரளா.

“தெரியும்” என்றான். படகைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு காக்ஸ் டவுனுக்குப் போனான்.

டென்சில் கதவைத் திறந்தான். எத்திராஜ் படகை நீட்டினான். “தப்பு என்னுதுதான் டென்சில். பொட்டு வைக்கல. பாரு.”

டென்சில் படகைக் கவிழ்த்து, குழாயில் வாய் வைத்து ஊதினான். பக்கத்துத் துளையிலிருந்து காற்று சீராக வந்து எத்திராஜின் உள்ளங்கையில் பட்டது.

“கிளீனா இருக்கு. இனிமே நிக்காது மேன்” என்றான் டென்சில். படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்: “எங்க ஓட்டப்போறே?”