மாலைக்குள் முதுமையடைந்த இரைப்பை

"லேபலை மாத்தி ஒட்டிப்போட்டீரோ, ஐசே?"

டொக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். 1930களின் தொடக்கம் அது. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் திசுக்களைச் சீவி ஸ்லைட் செய்வது என் வேலை. லேபல் மாறியது என்று தீர்மானமானால் அந்த வேலை போய்விடும். வார்டில் படுக்கை விரிப்புகளை எண்ணப் போகவேண்டியதுதான்.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர். வயதாக ஆக இரைப்பையின் உட்படை மெலிகிறது, சுரப்பிகள் குறைகின்றன என்று காட்ட, பிரேத பரிசோதனைகளில் கிடைத்த துண்டுகளை இரண்டு வருடமாகச் சேர்த்திருந்தார். வாலிபர்களின் ஸ்லைடில் சுரப்பிகள் நெருக்கமாக வரிசை கட்டி நின்றன. வயோதிபர்களின் ஸ்லைடில் பெரும்பாலும் மேற்படை கரைந்து, பூச்சி அரித்த துணிபோல் இருந்தது. அடுத்த வாரம் கொழும்பில் வைத்தியர் கூட்டத்தில் அவர் கட்டுரை வாசிக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து, எங்கள் வார்டில் இறந்த எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவரின் ஸ்லைட் வந்தது. உட்படை குமரிப் பெண்ணுடையதுபோல் தடிப்பாக இருந்தது.

"இல்லீங்க ஐயா. லேபல் மாறல."

"அப்ப மனிசி வயசைக் கூட்டிச் சொல்லிப்போட்டா எண்டுறீரோ? அப்பிடி ஒரு பொம்பிளையை நான் இன்னும் காணேல்லை."

துண்டைப் பதித்திருந்த மெழுகுக் கட்டியிலிருந்து மறுபடி சீவி, சாயமிட்டுக் காட்டினேன். அதே தடிப்பு.

அன்று மதியம் என் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் இறந்த நேரம், அழுகாமல் காக்கும் போர்மலின் திரவத்தில் போட்ட நேரம் என்று இரண்டும் எழுதியிருந்தேன். வாலிபர்கள் பெரும்பாலும் எங்கள் வார்டில் இறந்தவர்கள். இடைவெளி ஒரு மணித்தியாலம். வயோதிபர்களில் அநேகர் மடுல்கெல்ல, பன்வில தேயிலைத் தோட்டங்களிலிருந்து லொறியில் பிணமாக வந்தவர்கள். இடைவெளி அரை நாளுக்கும் மேல். பிணவறையில் வேலை செய்த காதர் நானா எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா தம்பி இந்த யோசன? அது வயசில்ல, லொறிட வேல. மடுல்கெல்ல ரோட்டுல வந்தா நானும் கரஞ்சிதான் வந்து சேருவேன்."

உயிர் போனதும் இரைப்பை தன் அமிலத்தால் தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். டொக்டர் இதை மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுத்தவர். தன் கட்டுரைக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

டொக்டரிடம் புத்தகத்தை நீட்டினேன். பக்கம் பக்கமாக நேரங்களைக் கழித்துப் பார்த்தார். மறுநாள் காலை வார்டில் இறந்த இருபத்திரண்டு வயது இளைஞனின் இரைப்பையில் இரண்டு துண்டுகள் எடுத்தார். ஒன்றை உடனே போர்மலினில் போட்டார். மற்றதை மாலைவரை தட்டில் வைத்தார். நான்கு நாள் கழித்து இரண்டையும் சீவிக் கொடுத்தேன்.

"காலமை இருவத்திரண்டு, பின்னேரம் எண்பது!" என்று கதிரையில் சாய்ந்தார். "கலியாணம் கட்டினவன்கூட இவ்வளவு கெதியாக் கிழடாகிறேல்லை. உம்மட லேபல் சரி ஐசே. பிழை என்ரதான்."

தோட்டத்திலிருந்து வந்தவை அனைத்தையும் கட்டுரையிலிருந்து அடித்தார். உடனே போர்மலினில் போட்ட வயோதிபர் துண்டுகள், அந்த அம்மாளுடையதோடு சேர்த்து, ஆறுதான் மிஞ்சின. இரண்டில் சுரப்பிகள் உயிரோடிருந்தபோதே உண்மையாக அருகி, அவை இருந்த இடத்தில் குடலுக்குரிய உயிர்க்கலங்கள் குடியேறியிருந்தன. மற்ற நான்கையும் பார்த்து யாரும் வயது சொல்ல முடியாது. இதையே கொழும்பில் வாசித்தார்.

திரும்பி வந்ததும், "என்ன சொன்னாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"கடைசியா எழுவது வயசுப் பெரிய டொக்டர் ஒராள் எழும்பி, அப்ப தான் இன்னும் உறைப்புச் சாப்பிடலாமோ எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களை உடன வெட்டிப் பாத்தால்தான் சொல்லலாம் எண்டன். மனிசன் கதிரையில இருந்திட்டார்."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: மெலிந்த உட்படையைக் கண்டதும் இறந்தவரின் வயதைக் கேட்காதீர்கள். முதலில் நாம் எவ்வளவு நேரம் சுணங்கினோம் என்று கேளுங்கள்.