கரியாக்கோவில் வறுத்த மிளகாய்

போன சனிக்கிழமை எங்கள் அஜின்கோர்ட் மாடிக்கட்டடத்தில் நெருப்பு மணி அடித்தது. நெருப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் தூள் இடிக்க மிளகாய் வறுத்திருக்கிறார்கள். எல்லோரும் கீழே இறங்கி வாசலில் நின்று தும்மினோம். மற்றவர்களுக்குக் கோபம். எனக்குத் தார் எஸ் சலாம் ஞாபகம்.

கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் எங்கள் மூன்று பேரை அங்கே இறக்கிவிட்டிருந்தான். கரியாக்கோ என்ற வட்டாரம். பெரிய சந்தை, கிராம்பும் கருவாடும் கலந்த மணம், அதற்கு நடுவே எங்கள் மாடி அறை. வெளியே தலை காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் உண்டு. புது முகம் கண்டால் வட்டார அலுவலகத்தில் சொல்வார். சொன்னால் திரும்பவும் கொழும்பு விமான நிலையம்தான். அங்கே எங்களுக்காக யார் காத்திருப்பார்கள் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

செருப்பில்லாமல் நடந்தோம். தலையணைக்குள் இருமினோம். இவ்வளவு கவனமான நாங்கள்தான் ஒரு மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு மிளகாய் வறுத்தோம். சமையல் ஜெயத்தின் பொறுப்பு. தூள் இல்லாமல் தேங்காய்ப்பாலில் மிதந்த மீனைப் பார்த்து அவன் அழாத குறை.

கொஞ்ச நேரத்தில் தெருவே தும்மியது. படியில் காலடி கேட்டது.

"ஹோடி!" என்றது ஒரு பெண் குரல்.

"ஒருத்தரும் மூச்சுக் காட்டாதேங்கோ," என்றார் எங்களில் மூத்தவரான சிவம் அண்ணை.

"மூச்சை அடக்கலாம் அண்ணை. தும்மலை என்ன செய்யிறது?" என்ற ஜெயம், சொன்ன கையோடு தும்மினான்.

"உவனாலை எல்லாரும் கொழும்புக்குத்தான்."

"ஹோடி!" மறுபடியும். அந்த ஊரில் வாசலில் நின்று அப்படிக் கேட்பார்கள். உள்ளே இருப்பவர் "கரிபு" என்று அழைத்தால்தான் காலெடுத்து வைப்பார்கள். எங்களுக்கு அது தெரியாது. தாழ்ப்பாள்கூடச் சரியாக விழாத கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கீழ்வீட்டிலிருந்து யாரோ சிரித்துக்கொண்டு எங்கள் சார்பில் "கரிபு!" என்று கத்தினார்கள்.

வந்தவர் சைனபு அம்மா, பத்து வீட்டுத் தலைவி. சட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நீங்கள் மூன்று பேர் என்று வந்த அன்றே தெரியும்," என்றார், நிறுத்தி நிறுத்திப் பேசிய ஆங்கிலத்தில். "விருந்தாளிகள் வந்து ஒரு வணக்கம் சொல்லவேண்டாமா?"

சிவம் அண்ணை கும்பிட்டார். சைனபு அம்மா ஒரு மிளகாயைக் கடித்தார். கண்ணால் நீர் ஓடியது. ஒரு பிடியைக் கடதாசியில் சுற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் நேரே வட்டார அலுவலகத்துக்குத்தான் போகிறார் என்று நினைத்து நாங்கள் பைகளைக் கட்டினோம். மறுநாள் அங்கிருந்து இரண்டு பேர் வரவும் செய்தார்கள். ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். சைனபு அம்மா படிக்கட்டை அடைத்து உட்கார்ந்து மீன் செதில் உரசிக்கொண்டிருந்தார். அவர்கள் மேலே கைகாட்டினார்கள். அவர் எழும்பவில்லை. "வகேனி வங்கு," என்றார். என் விருந்தாளிகள். அவர்கள் மீனைப் பற்றி ஏதோ விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது இங்கே பிறம்ரனில் லொறி ஓட்டும் ஜெயம் போன வருடம் கரியாக்கோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அந்தத் தெருவில் இப்போது உயரமான கண்ணாடிக் கட்டடங்களாம். சைனபு அம்மாவைத் தெரிந்த ஒருவரையும் காணவில்லையாம். "அந்தப் படியே இல்லை மச்சான்," என்றான்.

நேற்றுப் பின்னேரம் ஒரு பை மாம்பழத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ரிவிச் சத்தம் சட்டென்று நின்றது. வெறுங்காலால் யாரோ மெல்ல நடந்துவந்தார்கள். கதவில் எட்டிப்பார்க்க வைத்த சின்னக் கண்ணாடி இருண்டது. கதவு திறக்கவில்லை.

"சொறி அங்கிள்," என்றது ஒரு பெண் குரல். "இனி வறுக்கமாட்டம்."