மாமா பெயரில் ஓடிய வண்டி

புது வண்டியின் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தால், டிரைவர் சீட்டில் மாமா உட்கார்ந்திருந்தார். பழத்தை நசுக்கி வண்டியை முதலில் நகர்த்துவது வாங்கியவன் செய்ய வேண்டிய காரியம். அரைகுறையாக ஓட்டத் தெரிந்த அந்த மனிதர் குலுக்கிக் குலுக்கி நகர்த்திவிட்டு இறங்கி, ஷோரூம்காரரோடு கைகுலுக்கிப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். ஆரத்தித் தட்டோடு என் மனைவி ஓரமாக நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வண்டி வாங்கியது அவர் பெயரில்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். விழுப்புரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். திண்டிவனத்தில் நான் நடத்திய செல்போன் கடை படுத்தபோது பைக் தவணை சில மாதம் நின்றுபோனது, அதோடு என் கிரெடிட் ஸ்கோரும் படுத்துவிட்டது. டாக்ஸி ஓட்டிப் பிழைக்கலாம் என்று கடன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

அப்போதுதான் மாமா சொன்னார்: "எம் பேர்ல எடுத்துக்கினு ஓட்டு மச்சான். டியூவ நீ கட்டு. முடிஞ்சதும் உம் பேருக்கு மாத்திக் குடுத்துடறேன்." அக்கா புருஷனிடம் எழுதி வாங்குவது அக்காவையே சந்தேகப்படுவதுபோல என்று எங்கள் வீடுகளில் நினைப்போம். நானும் எதுவும் எழுதி வாங்கவில்லை.

ஐந்து வருடம் ஓட்டினேன். கிளியனூரிலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் சவாரி. தீபாவளிக்குத் துணி எடுக்காத வருடம்கூட உண்டு, தவணை தவறிய மாதம் கிடையாது. தேதிக்கு முந்தின நாளே மாமாவின் கணக்கில் பணம் போட்டுவிடுவேன். அவரோ முகூர்த்த நாளாகப் பார்த்துப் போன் செய்வார். "கண்டமங்கலத்துல ஒரு விசேஷம், ஜல்தியா வண்டிய எடுத்துக்கினு வா." டீசலும் என் காசு. மண்டப வாசலில் இறங்கி, "நம்ம வண்டிதாங்க, மச்சான் ஓட்டிக்கினு கீறான், பாவம்" என்று நாலு பேரிடம் சொல்வார். அந்த 'பாவ'த்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

கடன் முடிந்ததும் பேர் மாற்றித் தரக் கேட்டேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்து, கடைசியில், "கையெழுத்துப் போட்டுடலாம், வண்டிய கொண்ணாந்து வுடு" என்றார். விட்டேன். மறுவாரம் உரக்கடை வாசலில் பெரிய புதுக் கார் நின்றது. என் வண்டியை எக்ஸ்சேஞ்சில் போட்டு, மீதிப் பணத்துக்கு ஒரே நாளில் கடனும் வாங்கியிருந்தார். சண்டைக்குப் போனேன். "எம் பேர்ல இருந்த வண்டிதான?" என்று அக்காவின் முன்னாலேயே கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம், என் பெயரிலேயே ஒரு வண்டி எடுக்கக் கடன் கேட்டு, விழுப்புரத்தில் ஒரு பைனான்ஸ் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவன் என்றேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "உங்க பேர்ல அப்படி எதுவும் இல்லியே சார். பழைய பைக் லோன் மட்டும்தான் காட்டுது" என்றாள். மாமாவுக்குப் பெரிய காருக்கு அத்தனை சுலபமாகக் கடன் கிடைத்தது எப்படி என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியைப் பிடுங்கிக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லிவிடலாம். நான் வயிற்றைக் கட்டிச் சேர்த்த நாணயமும் அவர் பெயரில்தான் இருக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?