அம்மா கேட்ட கையெழுத்து

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் குட்மேய்ஸ் வீட்டு முன்னறையில் அப்பா, அம்மா, காப்புறுதி எடுத்துக்கொடுக்கும் மாமா, எட்டு வயது நான், இவ்வளவு பேரும் இருந்தோம். சித்தப்பா இல்லை, ஷிப்டுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் பழியில் பாதியை அவர் தலையில் கட்டியிருக்கலாம்.

ஏனென்றால் பெண்களைப் பற்றி எனக்குப் படிப்பித்தவர் அவர்தான். மத்தியானங்களில் தொலைக்காட்சியில் போகும் பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படங்களை இருவரும் சோபாவில் சரிந்துகொண்டு பார்ப்போம். "டேய், உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு நைஸாக் கதைக்கிறாளே, அவளைப் பார். அவள்தான் அந்த மனுசனை முடிக்கப்போறாள்" என்பார். அவர் சொன்னது ஒருமுறையும் பிழைத்ததில்லை. மனைவி தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் கணவன் அடுத்த ஞாயிறைப் பார்க்கமாட்டான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

அன்று வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கலியாணம். அம்மா சேலை கட்டி, என்றுமில்லாமல் உதட்டுச் சாயமும் பூசியிருந்தார். மேசையில் அப்பாவின் ஆயுள் காப்புறுதிப் படிவம். அப்பா பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நான் செத்தால் உனக்குக் காசு வரும், அப்பிடித்தானே?"

"ஓம், வரும். வையுங்கோவன் கையெழுத்தை" என்றார் அம்மா.

"அண்ணை, உடம்பு நல்லா இருக்கேக்கதான் மலிவு" என்றார் மாமா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்பா, வையாதேங்கோ! அம்மா உங்களைக் கொல்லப்போறா!" என்று கத்தினேன்.

மாமாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அப்பா கண்ணீர் வரச் சிரித்தார். "பெடியனே கண்டுபிடிச்சிட்டான், பிறகென்ன" என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழும்பினார். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் நான் கலியாண வீட்டில் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காரில் ஏறுமுன் உதட்டை டிசுவால் துடைத்துவிட்டார்.

பின்னர், குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போன மிடுக்கோடு, அந்தப் படங்களின் பெண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினேன். வாய்திறந்து ஒன்றைக் கேட்கும் பெண்ணை அவை குற்றவாளி ஆக்கிவிடுகின்றன என்று நிறுவினேன். நல்ல புள்ளி கிடைத்தது. பயத்தில் கையெழுத்துக் கேட்கும் பெண் அவற்றில் ஒருத்திகூட இல்லை. அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். அப்பாவுக்கு ஏதும் நடந்தால் வீட்டு மோட்கேஜ் கடனை யார் கட்டுவது என்ற பயம் அவருக்கு. சாவைப் பற்றிக் கதைக்கவே அப்பாவுக்குப் பயம். எழும்பிப் போக ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தார். எட்டு வயதில் எனக்கு இரண்டு பயமும் தெரியவில்லை. அந்தச் சாட்டை நான் கொடுத்தேன்.

நான்கு வருடம் கழித்து, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்த பிறகுதான் அப்பா கையெழுத்து வைத்தார். அந்தச் சனிக்கிழமை வைத்திருந்தால் காப்புறுதிக் கட்டணம் பதினான்கு பவுண்ஸ். வைத்தபோது, மாதாமாதம் ஐம்பத்திரண்டு.