வாராவாரம் பூங்கா

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பார்க் என்றால் தொழிற்பேட்டை ஓரமாக லாரிகள் நிற்கும் பொட்டல்தான். ‘லாரி பார்க்கிங்’ என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். பாதியை மட்டும் படித்துவிட்டு அங்கேயே கண்ணாமூச்சி ஆடுவோம். வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் கிரீஸும் துருப்பொடியுமாக இருக்கும். ஆனால் எனக்கும் தம்பிக்கும் மட்டும் நிஜப் பூங்கா ஒன்று இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களை ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப்போவாள். தெருவில் அதனால் எனக்குத் தனி மரியாதை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். நான் மூன்றாம் வகுப்பு.

பூங்கா சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். ஒரு சறுக்குமரம், நான்கு ஊஞ்சல், தண்ணீர் வராத நீரூற்று ஒன்று. எங்களுக்கு முன்பே கறுப்பு பர்தாவில் ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார். அவரை அம்மா ‘லாத்தா’ என்று கூப்பிடுவாள். அதைப் பெயரென்று நினைத்து நான் ‘லாத்தா ஆன்ட்டி’ என்பேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பழவேற்காட்டு முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்றால் அக்கா. அப்படியொரு வியாபாரி வீட்டில் பிறந்தவள் அம்மா. ரோலிங் மில்லில் வேலை பார்த்த அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. மண்ணடியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா மட்டும், புருஷன் வீட்டாருக்குத் தெரியாமல் தங்கையைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். இதெல்லாம் பெரியவளான பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், லாத்தா ஆன்ட்டி எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவரும் வட்டிலப்பம். முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அவித்தது. வாயில் வைத்தால் கரையும்.

அவர்கள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். தண்ணீர் குடிக்க ஓடிவரும்போது துண்டு துண்டாகக் காதில் விழும்.

“வாப்பா நல்லா கீறாரா லாத்தா?” என்று தன் அப்பாவைப் பற்றி அம்மா கேட்பாள்.

“உன் பேச்ச எடுக்க மாட்டாரு. ஆனா நான் ஊருக்குப் போனா, ‘பட்டணத்துப் பக்கம் எல்லாரும் நல்லா கீறாங்களா’ன்னு கேப்பாரு. அந்த ‘எல்லாரும்’ல ஒரு அழுத்தம் இருக்கும் புள்ள.”

எழுந்துகொள்ளும்போது அடுத்த மாதம் எந்த ஞாயிறு என்று பேசிக்கொள்வார்கள். போன் பேச முடியாது, கடிதம் போடக் கூடாது, வீட்டுப் பக்கம் வரவே கூடாது. அந்த ஒரு பேச்சைத் தவிர இருவருக்கும் நடுவில் வேறு தொடர்பே இல்லை.

அந்த வருஷம் தீவுத்திடலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினத்தில் ஏறிவந்த என் வகுப்புப் பெண்கள் ஒரு வாரமாக அதையே பேசினார்கள். ஞாயிறன்று சென்ட்ரலில் இறங்கியதும், பொருட்காட்சிக்குத்தான் போக வேண்டும் என்று நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“அடுத்த வாட்டி போலாம்டி. லாத்தா காத்துக்கினு இருப்பாங்க.”

“அவங்களதான் எப்பவும் பாக்குறோமே!”

அம்மா இழுத்துப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். நான் அழுத அழுகையில் தம்பியும் சேர்ந்துகொண்டான். சனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “அரை மணி நேரம்தான். பேஜாரு பண்ணாம ஒடனே கெளம்பணும், இன்னா?” என்றாள்.

ராட்டினத்து வரிசையே ஒன்றரை மணி நேரம் நின்றது. பாதியில் வர மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு டெல்லி அப்பளம் வேண்டும் என்றேன். திரும்பும்போது அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

பெஞ்ச் காலியாக இருந்தது. வாசலில் வேர்க்கடலை விற்கும் அம்மாள் எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“இன்னாம்மா இப்ப வர்றே? பர்தா போட்ட அம்மா கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தாங்க. பொழுது சாயுதுன்னு இப்பதான் போனாங்க. இத உங்கிட்ட குடுக்கச் சொன்னாங்க.”

வழக்கமான டப்பாதான்.

“எதுனா சொன்னாங்களா?”

“சொல்ல வந்தாங்க. அப்புறம் வேணாம்னுட்டாங்க.”

அம்மா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கொஞ்ச தூரம் ஓடினாள். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டு விழும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் டப்பாவைத் திறந்து எங்களுக்கு ஊட்டிவிட்டாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறே எங்களைக் கிளப்பினாள். என்னால் நம்பவே முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்ததும். மீஞ்சூர் தாண்டும்போதே தம்பி எந்த ஊஞ்சல் யாருக்கு என்று சண்டை பிடிப்பான். இருட்டும்வரை ஆடினோம். கிளம்பலாம் என்று அம்மா ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. ஊஞ்சலின் உச்சியிலிருந்து “அம்மா, பாரு!” என்று கத்தினால் கையை மட்டும் ஆட்டுவாள். முகம் வாசல் பக்கமே இருக்கும்.

ஒன்றரை மாதம் கழித்து அப்பா ஷிப்டு முடிந்து நேரே மண்ணடிக்குப் போய் விசாரித்திருக்கிறார். லாத்தாவின் குடும்பம் வியாபாரத்துக்காக வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூர் போய்விட்டது, எந்த ஊர் என்று தெரியவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். அதற்குப் பிறகும் அம்மா மூன்று ஞாயிறு எங்களை அழைத்துப்போனாள். மூன்றாவதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது.

அன்று திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. தம்பி தூங்கிவிட்டான். நான் அம்மாவின் மடியில் தலை வைத்துக்கொண்டு, பல நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் அழுதேன்ல? அதனாலதானே இப்ப வாராவாரம் கூட்டினு வர்றே?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாண்டி” என்றாள். என் தலைமுடியை மெல்லக் கோதிவிட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை, இனி எதற்கெல்லாம் அழலாம் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.