கேள்வி கேட்காத சிடி

2005இல் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்ச நஞ்சமில்லை. புது மெஷினுக்கு விண்டோஸ் ஏற்ற வேண்டுமென்றால் சிடியைப் போட்டுவிட்டு, அது கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்டேட்டுகளை அதற்குப் பிறகு தனியாக ஏற்ற வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? அப்டேட்டுகளை மூல சிடியின் ஃபைல்களோடு கலந்து, கம்ப்யூட்டர் நேராக அதிலிருந்தே தொடங்கும்படி, அதாவது பூட் ஆகும்படி, ஒரே சிடியாக எழுதினேன். முதல் நான்கு சிடிகளும் பூட் ஆகாமல் குப்பைக்குப் போயின. ஐந்தாவது ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி சிடிக்குள் வைத்தேன். ஹார்டு டிஸ்கை முழுதாக அழித்துப் புதிதாகப் பிரிக்கச் சொல்லியும் அதிலேயே எழுதினேன். சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி ஆரம்பத்தில் ஒரு வரி வருமே, அதையும் எடுத்துவிட்டேன். சிடியைப் போட்டு ஆன் செய்தால் போதும், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மெஷின் தயார். கடையில் புது மெஷின்களுக்கு அது அருமையான சிடிதான். அதைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தவர் வீடுகளுக்கும் போனேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

அரியலூரில் ஒரு பெண் எம்.ஃபில். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கூலி வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. ஊர் ஊராகப் போய், அவர்களிடம் பேசி எழுதி வந்ததையெல்லாம் தானே டைப் செய்திருந்தார். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு கல்யாணம். “இப்ப முடிச்சாதான் சார் உண்டு. அங்க போயிட்டா யாரு படிக்க வுடப் போறாங்க?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மோடம் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார். மோடத்தை இயக்கும் டிரைவர் ஃபைலும் என் சிடியிலேயே இருந்தது. ஏற்றினேன், சரியானது. ஆய்வேட்டை விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் வைக்காமல் டி டிரைவில் வைக்கச் சொல்லி, எது போனாலும் அது போகாது என்று அறிவுரையும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவசரமாகக் கிளம்பினேன். சிடியை எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. “ஆன் பண்ணதும் தானா என்னமோ ஓடுச்சு சார். நீங்க போட்டு வச்சதுதான் ஓடுதுன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இப்ப எல்லாம் புதுசா இருக்கு. என் ஃபைலைக் காணோம்.”

பஸ் பிடித்து ஓடினேன். அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் சிடியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். சி, டி டிரைவ்கள் இரண்டுமே துடைத்துவிட்டதுபோலக் கிடந்தன.

“என்ன சார் ஆச்சு?” என்றார்.

“வைரஸுங்க” என்றேன். யோசிக்கக்கூட இல்லை, அப்படியே வாயில் வந்துவிட்டது.

“நேத்து என் ஃப்ரெண்டு ஒரு பிளாப்பி குடுத்தா சார். அதைப் போட்டேன். அதுலேர்ந்துதான் வந்திருக்குமா?”

“இருக்கும்” என்றேன்.

“அதுல என்னோட முதல் ரெண்டு அத்தியாயத்தையும் காப்பி பண்ணி வச்சேன். அதையாவது எடுத்துக் குடுங்க சார்.”

எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த பிளாப்பியைத் திறந்தால் அதில் ஒரு வைரஸும் இல்லை என்பது தெரிந்துவிடும். “அதைத் தொடாதீங்க. போட்டா மறுபடியும் எல்லாம் போயிடும்” என்றேன். அவர் அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கண்ணெதிரிலேயே இரண்டாக உடைத்துப் போட்டார். நான் தடுக்கவில்லை. ஹார்டு டிஸ்கைத் திருச்சியில் அழிந்த ஃபைல்களை மீட்பவர்களிடம் எடுத்துப் போயிருந்தால் கொஞ்சமாவது மீட்டுக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. அங்கே போனால் என் குட்டு உடைந்துவிடும் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் கோழை, வேறென்ன சொல்ல?

அடுத்த மாதம் அப்பாவோடு கடைக்கே வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தார். எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் விடமாட்டார்கள். அவர் பேருக்குப் பின்னால் எம்.ஏ. மட்டும் இருந்தது. “அன்னிக்கு போன் பண்ணதும் ஓடி வந்தீங்க சார். கண்டிப்பா வரணும்” என்றார்.

“உங்க ஃப்ரெண்டெல்லாம் வராங்களா?” என்று கேட்டுவைத்தேன்.

“பிளாப்பி குடுத்தாளே, அவளா? அவளுக்குப் பத்திரிகையே வைக்கல சார். ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஒண்ணாப் படிச்சோம். பேசுறதையே வுட்டுட்டேன்.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “நல்லா இருங்க” என்றேன்.